ரப்பரால் ஒரு கொலை

போன் அலறியது.

மதியம் ஒன்று பத்து. ரப்பர் மேடம் சாப்பாட்டு டப்பாவைப் பாதிதான் திறந்திருந்தாள்.

"மேடம்... கொலை," என்றது மறுமுனை.

டப்பா மறுபடி மூடிக்கொண்டது.

பேசியவர் ஸ்கேனர்காரர். பள்ளிக்கூடங்களுக்கிடையிலான அறிவுத்திறன் போட்டித் தேர்வில், விடைத்தாள்களை இயந்திரத்துக்குள் தள்ளி மதிப்பெண் எடுப்பவர். பதினோரு வருஷமாக அதே இயந்திரம், அதே நாற்காலி. லேசில் பதறுகிற ஆள் இல்லை. போன வருஷம் இயந்திரத்துக்குள் பல்லி புகுந்து நாற்பது பேருக்கு ஒரே மார்க் விழுந்தபோது, பல்லிக்கு எத்தனை மார்க் என்று நிதானமாகக் கேட்டவர்.

அவர் குரலே இப்போது நடுங்கியது.

"செத்தது யாரு?"

"ஒரு விடைத்தாள், மேடம். இருபத்து மூணு இடத்துல அழிச்சிருக்கு. அழிச்சிட்டு வேற வட்டத்தை நிரப்பியிருக்கு."

மேடம் பெருமூச்சு விட்டாள். டப்பாவை மறுபடி தன் பக்கம் இழுத்தாள்.

"தப்பை அழிச்சுச் சரியாக்குவாங்க. நம்ம திருடங்க வருஷா வருஷம் பண்றதுதானே. இதுல என்ன புதுசு?"

மறுமுனையில் தாள் சரசரத்தது.

"இதுல... சரியை அழிச்சுத் தப்பாக்கியிருக்காங்க மேடம். இருபத்து மூணும்!"

ரப்பர் மேடத்துக்குப் பசி போய்விட்டது.

தேர்வு மன்றத்தின் முறைகேடு கண்காணிப்பு அதிகாரி அவள். வயது நாற்பத்தெட்டு. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. ரப்பர் தேய்த்த தடத்தை வைத்தே ஆளைப் பிடிப்பதால் ஊர் முழுக்க அவளுக்கு இந்தப் பெயர்தான். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, பூதக்கண்ணாடி இருக்கும். முப்பத்து நான்கு மோசடிகளைக் கையும் களவுமாகப் பிடித்தவள்.

முப்பத்து நான்கிலும் மார்க்கை ஏற்றத்தான் பார்த்தார்கள்.

இறக்கியவர் ஒருவர்கூட இல்லை.

தேர்வு நடந்த பள்ளியின் இரண்டாவது மாடியில், உயிரியல் ஆய்வகத்தைத்தான் அவளுக்குத் தற்காலிக அலுவலகமாகக் கொடுத்திருந்தார்கள். மூலையில் நின்ற எலும்புக்கூட்டைத் தாண்டி, இரண்டிரண்டு படியாக இறங்கி நூலகத்துக்கு வந்தாள். ஸ்கேனர்காரர் அந்தத் தாளைப் பச்சைக் குழந்தையைத் தாங்குவது போல் இரண்டு கையாலும் நீட்டினார்.

"யாரோடது?"

"கால்குலேட்டரோடது."

மேடம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கால்குலேட்டர் என்பது ஒரு பெண். பதினான்கு வயது, ஒன்பதாம் வகுப்பு. போன இரண்டு வருஷமும் முதல் பரிசு அவளுக்குத்தான். மற்ற பிள்ளைகள் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விடையை நிரப்பிவிட்டு நகம் கடிக்கிற ரகம். இந்த வருஷம் பரிசும் பெரிது. முதலிடம் பிடிக்கும் ஒரே ஒருவருக்கு, ஒன்பது மணி நேர ரயில் பயணத் தூரத்தில் இருக்கும் கணிதப் பயிற்சிக் கூடத்தில் இரண்டு வருஷப் படிப்பு. இடம் ஒன்றே ஒன்று.

"அழிக்காம விட்டிருந்தா?"

"அறுபதுக்கு அறுபது மேடம். இப்போ முப்பத்தேழு."

மேடம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு புது வட்டத்துக்குப் பக்கத்திலும் பழைய வட்டத்தின் சாம்பல் நிழல். விடைக்குறிப்போடு ஒப்பிட்டாள். நிழல் எல்லாம் சரி. கறுப்பு எல்லாம் தப்பு.

கொலைதான். சந்தேகமே இல்லை.

மன்றத் தலைவருக்குத் தகவல் போனது. அவர் பதறவில்லை. கடிகாரத்தைப் பார்த்துப் பேசுகிற மனிதர்.

"நாலு மணிக்கு முடிவை அறிவிக்க நான் மேடையில நிக்கணும். யாரு பண்ணாங்கன்னு அதுக்குள்ள தெரியலேன்னா, இந்தத் தேர்வையே ரத்து பண்ணிடுவேன். நானூத்திப் பன்னெண்டு பிள்ளைங்களும் திரும்ப எழுதட்டும். ரெண்டுல ஒண்ணை நீங்களே முடிவு பண்ணிக்கங்க."

மேடம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மைதானத்தில் அந்த நானூற்றுப் பன்னிரண்டும் ஓடிப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தன. திரும்ப எழுத வேண்டும் என்று கேள்விப்பட்டால் பாதி மரத்தில் ஏறிவிடும். அந்தப் பாதியில் பெற்றோரும் அடக்கம்.

மணி ஒன்று நாற்பது.

விடைத்தாள் போன பாதையை அவள் முதலிலிருந்து தொடர்ந்தாள். தேர்வு முடிந்தது பதினொன்றுக்கு. கண்காணிப்பாளர்கள் தாள்களை வாங்கி, அவற்றைக் கட்டிவைக்கும் கட்டறைக்கு அனுப்பினார்கள். அங்கே நான்கு பெற்றோர் தன்னார்வலர்களாக உட்கார்ந்து எண்ணி அடுக்கினார்கள். உறை ஒட்டி முத்திரை வைக்க வேண்டிய எழுத்தரை மேடம் தனியாக நிறுத்திக் கேட்டாள். மனிதர் முதலில் வானத்தைப் பார்த்தார், அப்புறம் தரையைப் பார்த்தார், கடைசியில் உண்மையைச் சொன்னார். ஒட்டும் டேப் தீர்ந்துவிட்டதாம். வேறு சுருள் எடுக்கக் கீழே போனாராம். போய் வரப் பதினோரு நிமிஷம்.

பதினோரு நிமிஷம்... முத்திரை இல்லாத உறைகள்!

அந்த நேரத்தில் கட்டறை ஜன்னல் பக்கம் யாராவது வந்தார்களா என்று கேட்டாள்.

எழுத்தரின் முகம் பிரகாசமானது. பழியை இறக்கி வைக்க ஒரு தோள் கிடைத்த பிரகாசம்.

"மெடல் மாஸ்டர் அந்தப் பக்கம் சுத்திட்டிருந்தார் மேடம்."

மெடல் மாஸ்டர் பெரிய பயிற்சி நிலையம் நடத்துபவர். அவருடைய மாணவி ஒருத்தி இரண்டு வருஷமாகக் கால்குலேட்டரிடம் தோற்று இரண்டாம் இடத்தில் நிற்கிறாள். கால்குலேட்டர் விழுந்தால் லாபம் அவருக்குத்தான்.

மேடம் அவரை ஆய்வகத்துக்கு வரவழைத்தாள். எலும்புக்கூட்டுக்கு நேர் எதிரே உட்கார வைத்தாள். மெடல் மாஸ்டர் அதைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து சுளுக்கிக்கொண்டார்.

பதினொன்று ஐந்திலிருந்து பதினொன்று பதினாறு வரை எங்கே இருந்தீர்கள் என்று கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் போனை நீட்டினார். தன் மாணவர்களோடு அவர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நிற்கும் படங்கள். பள்ளி வாசலில், மரத்தடியில், கட்டறை ஜன்னலுக்கு வெளியே. மொத்தம் நாற்பத்தேழு படங்கள். எல்லாவற்றிலும் நேரம் பதிவாகியிருந்தது. எதிலும் அவர் உள்ளே இல்லை.

"அடுத்த வருஷ விளம்பரத்துக்கு மேடம். கட்டறை பின்னணில இருந்தா ஒரு கம்பீரம் வரும்னு..."

பதினோரு நிமிஷத்தில் நாற்பத்தேழு முறை சிரித்த மனிதனுக்கு, ஒரு கொலை செய்ய எங்கே நேரம்?

அவரை அனுப்பிவிட்டுத் தாளை மறுபடி விரித்தாள்.

இந்த முறை வட்டங்களைப் பார்க்கவில்லை. அழித்த விதத்தைப் பார்த்தாள்.

அவசரமே இல்லை. தேய்த்த இடம் ஒன்றுகூடக் கோட்டைத் தாண்டவில்லை. புது வட்டமும் விளிம்பு வரை சீராக நிரம்பியிருந்தது. ஐந்தாம் கேள்வியில் தொடங்கி ஐம்பத்தெட்டு வரை ஆற அமரச் செய்த வேலை. நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், எழுத்தர் எந்த நிமிஷமும் திரும்பலாம் என்ற பயத்தில், இருபத்து மூன்று வட்டத்தை இப்படி யாராலும் அழிக்க முடியாது.

இன்னொன்றும் உறுத்தியது.

ஏன் முப்பத்தேழோடு நிறுத்தினான்?

ஒழிக்க வந்தவன் பாதியில் ஏன் விட்டுவைக்க வேண்டும்? மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. முப்பத்தைந்துக்குக் கீழே எடுப்பவர்களுக்கு விடுமுறை முழுவதும் கட்டாயச் சிறப்பு வகுப்பு.

ஆக, பரிசும் போக வேண்டும்... விடுமுறையும் போகக் கூடாது.

பகையாளி யாராவது இவ்வளவு பரிவோடு கொலை செய்வானா?

மேடம் கதவைத் திறந்து, கால்குலேட்டரைக் கூட்டிவரச் சொன்னாள்.

மணி இரண்டு ஐம்பது.

அந்தப் பெண் வந்தாள். எலும்புக்கூட்டைப் பார்த்துப் பயப்படவில்லை. விலா எலும்பை எண்ணினாள். பிறகு மேசைமேல் இருந்த தன் விடைத்தாளைப் பார்த்தாள்.

எண்ணுவது நின்றுபோனது.

மேடம் மிரட்டவில்லை. குரலை உயர்த்தவுமில்லை.

"ஏம்மா பண்ணினே?"

கால்குலேட்டர் மறுக்கவில்லை. அழவுமில்லை. விடை தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்வது போல வரிசையாகச் சொன்னாள்.

அவளுடைய அம்மா பஸ் ஓட்டுகிறாள். ஏழு வருஷம் தற்காலிக ஓட்டுநர். யார் லீவு போட்டாலும் அந்த வண்டியை ஓட்ட வேண்டும், எந்த நேரம் கூப்பிட்டாலும் போக வேண்டும். போன மாதம்தான் வேலை நிரந்தரமானது. பதினெட்டாம் நம்பர் பஸ் இனி அம்மாவுடையது. அந்த உத்தரவு வந்த அன்று அம்மா சீருடையைக் கழற்றாமலே தூங்கினாள்.

பயிற்சிக் கூடத்தில் விடுதி கிடையாது. அம்மா, அப்பா இருவரில் ஒருவர் இரண்டு வருஷம் கூடவே தங்க வேண்டும். மூன்று வாரத்துக்கு முன்னால் சமையலறையில் அம்மா அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது இவள் காதில் விழுந்தது.

"'அவ ஜெயிச்சா வேலையை விட்டுட வேண்டியதுதான், வேற வழியில்லை'ன்னு அம்மா சொன்னாங்க மேடம். சாதாரணமா சொன்னாங்க. எனக்குத்தான் தூக்கம் வரலை."

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடியில் அழுக்கு எதுவும் இல்லை.

"வீட்ல சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ படி, மத்ததை நாங்க பாத்துக்கறோம்பாங்க. தோத்துட்டா யாரும் எதையும் பாத்துக்க வேண்டாம்ல."

விதிப் புத்தகத்தில் தோற்பதற்கு எதிராக ஒரு வரியும் இல்லை. தன் விடையைத் தானே மாற்றுவது அவரவர் உரிமை. வழக்கு முடிந்தது. மேடம் எழுந்து தலைவருக்குப் போன் செய்யப் போனாள். கை பாதியில் நின்றது. அதிகாரிக்கு வழக்கு முடிந்திருக்கலாம். அவளுக்கு முடியவில்லை. பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

அம்மா சீருடையிலேயே வந்தாள். மதிய பஸ் ட்ரிப்பை முடித்துவிட்டு நேராக வந்திருந்தாள். அப்பா கழுத்தில் தன்னார்வலர் அட்டை, காதில் செருகிய பென்சில். அச்சகத்தில் பிழை திருத்துபவர். இருபது வருஷமாக அடுத்தவர் எழுத்தில் தப்புத் தேடி, நிமிர்ந்து பேசவே கூச்சப்படுகிற மனிதர்.

மேடம் நடந்ததைச் சொன்னாள். அம்மா மகளைப் பார்த்தாள். கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவில் மகளின் காதைப் பிடித்தாள்.

"நான் வேலையை விடறேன்னு உனக்கு யாருடி சொன்னா?"

"நீதானே... சமையலறைல... வேலையை விட்டுட வேண்டியதுதான்னு..."

"ஆமா. சொன்னேன். உங்கப்பாகிட்ட சொன்னேன். அவரை விடச் சொன்னேன்."

கால்குலேட்டர் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா தொடர்ந்தாள்.

"பிழை திருத்தற வேலையை எந்த ஊர்லயும் பண்ணலாம். பதினெட்டாம் நம்பர் பஸ்ஸை ரயில்ல ஏத்திக் கொண்டுபோக முடியுமா? நீங்க கூடப் போங்கன்னேன். அவரும் சரின்னு தலையாட்டினார். அந்தப் பாதியைக் கேக்காம எங்கடி போனே?"

கால்குலேட்டர் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். யார் விட வேண்டும் என்றே அந்த வாக்கியத்தில் இல்லை. விவரம் குறைவான கணக்கை, விவரம் கேட்காமலே போட்டுவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக.

"அப்ப நான் சும்மாவே தோத்துட்டேனா?"

இப்போதுதான் அழுகை வந்தது. அணை உடைந்தாற்போல். அந்தப் பயிற்சிக் கூடத்துக்குப் போக அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அந்த அழுகையில்தான் எல்லோருக்கும் தெரிந்தது. அம்மா காதை விட்டுவிட்டு மகளை மடியில் இழுத்துக்கொண்டாள். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

எதுவும் செய்வதற்கில்லை என்று மேடம் மென்மையாகச் சொன்னாள். தேர்வறையில் அவளே அழித்தது அழித்ததுதான்.

கதவு தட்டப்பட்டது.

ஸ்கேனர்காரர். கையில் இறுதிப் பட்டியல். மணி மூன்று முப்பத்தைந்து.

"மேடம், இந்த வருஷம் வினாத்தாள் எல்லாரையும் கொன்னுடுச்சு. போன வருஷம் ரெண்டாம் இடமே அம்பத்திரண்டு. இந்தத் தடவை பாதிப் பேர் இருபதையே தாண்டலை. உச்சமே முப்பத்தேழுதான்!"

அழுகை பட்டென்று நின்றது.

"ரெண்டு பேர் முப்பத்தேழு. ஒண்ணு இந்தப் பொண்ணு. இன்னொண்ணு மெடல் மாஸ்டரோட மாணவி. சமமா வந்தா, குறைவா அழிச்சவங்களுக்குத்தான் முதலிடம்னு விதி. அந்தப் பொண்ணு நாலு இடம். இவ..."

அவர் முடிக்கவில்லை. இருபத்து மூன்றும் நான்கும் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

கால்குலேட்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவள் நெற்றி சுருங்கியிருந்தது.

"எனக்கு எவ்வளவுன்னு சொன்னீங்க?"

"முப்பத்தேழும்மா."

"தப்பு. முப்பத்தெட்டு."

"இயந்திரம் தப்புப் போடாதும்மா."

"நானும் போட மாட்டேன் அங்கிள். முப்பத்தஞ்சுக்கு மேல மூணு மார்க் இருக்கட்டும்னு வெச்சேன். இருபத்திரண்டுதான் அழிச்சேன். ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்."

இருபத்திரண்டு.

தாளில் இருப்பது இருபத்து மூன்று.

ரப்பர் மேடம் மேசைக்குத் திரும்பினாள். தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். பூதக்கண்ணாடியை ஒவ்வொன்றின் மேலும் நகர்த்தினாள். ஐந்து... ஒன்பது... பதினான்கு... முப்பத்தாறு...

நாற்பத்தொன்றில் கை நின்றது.

இங்கே மட்டும் காகிதம் லேசாகச் சுரண்டியிருந்தது. மற்ற இடங்களில் மிருதுவான வெள்ளை ரப்பர். இது பென்சில் முனையில் ஒட்டியிருக்கும் கரடுமுரடான ரப்பர். வேறு ரப்பர்... வேறு கை! இத்தனை நேரம் வட்டத்துக்குள்ளேயே பார்த்தவள் இப்போது ஓரத்தைப் பார்த்தாள். நாற்பத்தொன்றுக்கு நேராக, கொசு அளவுக்கு, வாலோடு ஒரு சின்னச் சுழி.

"இது என்ன குறி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள்.

கால்குலேட்டர் எட்டிப் பார்த்தாள்.

"இதை எடுத்துடுன்னு அர்த்தம் மேடம். என் கட்டுரை நோட்டு முழுக்க இருக்கும். பிழை திருத்தறவங்க..."



எல்லோரும் மெதுவாகத் திரும்பினார்கள்.

அப்பா காதில் செருகிய பென்சிலைக் கையால் மறைத்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க..." என்றாள் அம்மா. அந்த ஒரு சொல்லில் பஸ் கிறீச்சிட்டு நின்றது.

அவர் உண்மையை மறைக்கவில்லை. கட்டறையில் தாள்களை அடுக்கும்போது மகளின் எண் கண்ணில் பட்டதாகச் சொன்னார். எழுத்தர் டேப் எடுக்கப் போயிருந்தார். மற்ற மூவரும் மெடல் மாஸ்டர் படம் எடுத்துக்கொள்வதை ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அச்சகத்தில் தன் நாற்காலி, தன் மேசை, தன் மௌனம் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்துபோயிற்றாம். சமையலறையில் சரி என்று தலையாட்டிய நாளிலிருந்தே அதை விட்டுப் போக மனசு வரவில்லையாம்.

"மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரலை. கை வந்துடுச்சு."

"ஒண்ணோட ஏன் நிறுத்தினீங்க?" என்றாள் ரப்பர் மேடம்.

"ரெண்டாவது அழிக்கப் போனேன். தாள் முழுக்கப் பொண்ணு அழிச்சு அழிச்சு எழுதியிருந்தா. இவ்வளவு திணறியிருக்காளேன்னு மனசு கேக்கலை. தாளை வெச்சிட்டேன்."

இருபது வருஷமாகத் தப்பைத் திருத்திய மனிதர். முதல் தடவையாகச் சரியைத் திருத்தினார். பழக்கதோஷத்தில் குறியும் போட்டுவிட்டார்.

கால்குலேட்டர் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஒரு மார்க் குறைச்சிட்டியேப்பா."

"நீ இருபத்திரண்டு குறைச்சே. நான் ஒண்ணுதானேம்மா."

சிரிக்கக் கூடாத இடத்தில் ஸ்கேனர்காரருக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

ரப்பர் மேடம் விதிப் புத்தகத்தைத் திறந்தாள். அந்நியர் கை பட்ட விடையில் பழைய தடம் தெளிவாக இருந்தால், பழைய விடையே செல்லும். மற்ற நானூற்றுப் பதினொரு தாள்கள் எதிலும் சுரண்டல் இல்லை என்று ஸ்கேனர்காரர் பார்த்து உறுதி செய்தார். அப்பா எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த வாக்குமூலத்தில் மட்டும் ஒரு பிழைகூட இல்லை.

மூன்று ஐம்பத்தெட்டு. மேடம் தலைவருக்குப் போன் போட்டாள்.

"தேர்வை ரத்து பண்ண வேண்டாம் சார். முதலிடம் முப்பத்தெட்டு."

மகளைத் தூக்கிச் சுற்றிவிட்டு அம்மா இறக்கினாள். அப்பா ஓரமாக நின்றார், குற்றவாளிக் கூண்டில் நிற்பது போல.

"எனக்கு என்ன தண்டனை, மேடம்?"

"ஆயுள் முழுக்க எந்தத் தேர்விலும் தன்னார்வலரா உக்காரக் கூடாது."

அவர் முகத்தில் நிம்மதி பரவியது. "அவ்வளவுதானா?"

"அது மன்றம் கொடுத்தது," என்றாள் அம்மா, சீருடைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "நான் கொடுக்கறது ரெண்டு வருஷம். வெளியூர்ல. மூணு வேளை சமையலோட."